ஓர் எண்கூடப் பிசகவில்லை

மார்ச் 3

அன்புள்ள சகலைக்கு,

நீயும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அக்காளும் தங்கையும் தினமும் போனில் அரைத்த மாவையே அரைப்பதில், உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவதுவரை எனக்குத் தெரியும். எனக்குத்தான் போன் ஒத்துவராது. சலவைக் கூடத்து இரைச்சலில் நின்று நின்று காது போய்விட்டது. போன தடவை நீ ஒன்று சொல்ல, எனக்கு வேறொன்று கேட்க, இரண்டு பேரும் கத்தி, கடைசியில் பெரியவள் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதினால் அந்த வம்பு இல்லை.

நம் கம்பெனி அறிக்கைகளை எல்லாம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புது டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். தலைமை அலுவலகத்தில் நமக்கென்று ஓர் ஆள் இருப்பது நல்லதுதானே. வேலை ஒப்பந்தத்தில் என்றாலும், முதலாளி கண்ணில் பட்டுவிட்டால் நிரந்தரமாக்கிவிடுவார். அவர் கண்ணில் படாமல் இத்தனை காலம் ஓட்டியவன் சொல்கிறேன்.

ஒரு விஷயம் முக்கியம். எங்கள் கிளையின் லாப நட்ட அறிக்கையைத் தொடும்போது கவனமாக இரு. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் துண்டு எல்லாம் உங்கள் ஊர்க் கூடத்திலும் துவைக்கிறார்கள், இங்கேயும் துவைக்கிறோம். ஆனால் ரத்தக் கறை, மருந்துக் கறை போகாதவற்றை அங்கிருந்து மூட்டை கட்டி இங்கே அனுப்பிவிடுவார்கள். பெரிய வெந்நீர் இயந்திரம் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. மறுசலவைக்கு ஆகும் நீராவி, சோப்பு, ஆள்கூலி எல்லாம் எங்கள் செலவு. வாடிக்கையாளருக்குப் போகும் பில் உங்கள் ஊர்க் கூடத்தின் பெயரில். பழைய கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது. மாதக் கடைசியில் நாங்கள் நட்டம் என்று அச்சடித்துத் துப்பும்.

தலைமைக் கணக்கர் அந்தத் தாளின் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு வரி எழுதுவார். மறுசலவை எடை இவ்வளவு, அதற்கான செலவைக் கழித்தால் கிளை லாபத்தில் இருக்கிறது என்று. அந்தத் தாளைத்தான் முதலாளியிடம் எடுத்துப் போவார். அவருக்கே சிவப்பு மை என்று பெயர் வந்துவிட்டது. போன மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய வரியும் அவரோடு போய்விடாமல் பார்த்துக்கொள்.

உன் சகலை

மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னவள்தான் முதலில் பிரித்துப் படித்தாள். குழாய் விஷயத்தில் கோபம் வந்து அக்காவுக்குப் போன் செய்தாள். மறுபடியும் மாவு அரைபட்டது.

இங்கே தலைக்குமேல் வேலை. நூற்றுக்கு மேற்பட்ட அறிக்கைகள். எழுதியவர்கள் பாதிப் பேர் கம்பெனியிலேயே இல்லை. பழையது ஒவ்வொரு வரியிலும் பைசாவை முழுதாக்கிவிட்டுக் கூட்டும். புதியது கூட்டிவிட்டுக் கடைசியில் முழுதாக்கும். பழையது காலியாக விட்ட கட்டத்தைக் கண்டுகொள்ளாது. புதியது அதற்கும் ஒரு விளக்கம் கேட்கும். இப்படி ஒவ்வொன்றையும் பழையபடியே நடக்கப் பழக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போனால்தான் ஓர் அறிக்கை தேறியதாகக் கணக்கு. அது தேறும் நேரத்தில் வரும் நிம்மதியை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்ன வரியைப் பற்றி. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இருக்கிற அறிக்கையை இருக்கிறபடியே மாற்ற வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பேனாவால் எழுதிய வரி அறிக்கையில் சேராது. அதைச் சேர்க்க வழி உண்டு. கிளை மேலாளர் ஒரு மாற்றக் கோரிக்கை அனுப்ப வேண்டும். மறுசலவை எடை, செலவு, ஏன் கழிக்க வேண்டும் என்ற காரணம், அடியில் உங்கள் கையெழுத்து. ஒரே பக்கம்தான். ஜூனுக்குள் வந்துவிட்டால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் சகலை

மார்ச் 25

சகலை,

என்னைப் போய் மனு எழுதச் சொல்கிறாயே, நியாயமா? இந்தக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே நான் இங்கே நின்றவன். முதலாளிக்கு மீசை நரைக்காத காலத்திலிருந்து நட்டமில்லாமல் ஓட்டிக் காட்டியவன். நாங்கள் நட்டத்தில் இல்லை என்று நானே கெஞ்சி எழுதி, கையெழுத்தும் போட்டு, அதை நேற்று வந்த டை கட்டியவன் ஒருவன் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு வேறு வேலை இல்லையா?

கூடத்து மேற்பார்வைக்காரியைக் கொதிகலன் என்று கூப்பிடுவோமே, நீ வந்தபோது உன்னைச் செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று விரட்டினாளே, அவளிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுத்துட்டு வாங்களேன் சார், கை தேஞ்சா போயிடும்? உங்களுக்கு வீம்பு, எங்களுக்குச் சோறு" என்றாள். ஆவி பறக்கும் வாய் அவளுக்கு. உள்ளே இருக்கும் நாற்பது பேருக்கும் அவள்தான் வக்கீல்.

நீ அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எதற்கு மனு? மறுசலவை எடை ஒவ்வொரு மூட்டைச் சீட்டிலும் இருக்கிறது. சீட்டுகள் உங்கள் அலுவலகத்துக்கே வருகின்றன. எடுத்துப் பார், கழித்துப் போடு. கோரிக்கைதான் வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தையே கோரிக்கையாக வைத்துக்கொள்.

உன் சகலை

மே 20

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்தைத் திட்டத் தலைவரிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "இதென்னங்க, கொதிகலன், சோறுன்னு. குடும்பக் கடுதாசியெல்லாம் கோரிக்கை ஆகாது" என்று எல்லோர் முன்னாலும் வாசித்துச் சிரித்தார். எனக்கு முகம் செத்துப்போய்விட்டது.

மூட்டைச் சீட்டுகளையும் போய்ப் பார்த்தேன். கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவற்றை உள்ளே ஏற்றி, எடைக்கு ஒரு பட்டியல் உருவாக்கி, கிளை அறிக்கையோடு இணைக்க வேண்டும். செய்யலாம். ஆனால் செய்தவுடனே புதிய எண் பழைய எண்ணோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத அறிக்கைக்கு எழுத்தில் காரணம் கேட்பார்கள். காரணத்துக்கு உங்கள் கையெழுத்துக் கேட்பார்கள். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது. தயவுசெய்து அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்பிவிடுங்கள். வேண்டுமானால் வாசகத்தை நானே எழுதி அனுப்புகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அதற்கும் மனமில்லை என்றால் விடுங்கள், நானே எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சின்னவளுக்கு இந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பெட்டி கட்டி அவள் அலுத்துவிட்டாள். புது வீட்டுக்கு அவள் திரைச்சீலைகூட வாங்கவில்லை, எப்போது கழற்றுவோமோ என்று.

தங்கள் சகலை

ஜூலை 8

சகலை,

நீயே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியதை நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

பழைய கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார்கள். இப்போது தாள் கிடையாது. முதலாளி தன் அறையில் ஒரு திரையைப் பார்க்கிறாராம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டை. லாபம் என்றால் பச்சை, நட்டம் என்றால் சிவப்பு. எங்களுடையது சிவப்பு என்று லாரி ஓட்டுநர் வந்து சொல்கிறான். லாரி ஓட்டுநருக்குத் தெரிந்தது கிளை மேலாளருக்குத் தெரியவில்லை, அந்த அளவுக்கு இருக்கிறது என் நிலைமை.

போன வாரம் இரண்டு பேர் வந்தார்கள். கணக்கு எதுவும் கேட்கவில்லை. பெரிய இயந்திரத்தின் அகலத்தையும் கூடத்து வாசலின் அகலத்தையும் அளந்தார்கள். கொதிகலன் அவர்கள் பின்னாலேயே போய், "வெளிய எடுக்கறதுக்கா அளக்கறீங்க?" என்று கேட்டாள். அவர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. கூடமே பயந்துபோய்விட்டது.

நீ நிரந்தரமாகிவிட்டாய் என்று சின்னவள் பெரியவளிடம் சொன்னாளாம். வாழ்த்துகள். எனக்கு ஒன்று மட்டும் சொல். அந்த வரியைப் போட்டாயா, இல்லையா?

உன் சகலை

ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

போடவில்லை.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. கடைசி வாரம் எல்லா அறிக்கைகளும் ஒத்துப்போய்விட்டன. ஓர் எண்கூடப் பிசகவில்லை. இப்படி ஒரு மாற்றத்தை இதுவரை பார்த்ததில்லை என்று வெளியிலிருந்து வந்த தணிக்கையாளரே சொன்னார். கையெழுத்துப் போடும் நாளில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். திட்டத் தலைவர் ஒவ்வோர் அறிக்கையின் பெயரையும் வாசித்து, "ஒத்துப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். உங்கள் கிளையின் பெயர் வந்தது. ஒத்துப்போயிருந்தது, அண்ணா. அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? நான் வாயைத் திறந்திருந்தால் கையெழுத்துத் தள்ளிப்போயிருக்கும். என் நியமன உத்தரவு அதே மேஜையில், அவருடைய கோப்புக்கு அடியில் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

இதைப் படித்ததும் என்மேல் பாய்வீர்கள். பாயுங்கள். ஆனால் மார்ச் மாதமே உங்களிடம் ஒரே ஒரு பக்கம் கேட்டேன். காலில் விழாத குறையாக மே மாதம் மறுபடி கேட்டேன். உங்கள் கௌரவத்துக்கு அந்த ஒரு பக்கம் பாரமாகப் போய்விட்டது. கிளையைக் காப்பாற்ற வேண்டிய கிளை மேலாளர் நீங்கள்தானே, நான் இல்லையே. இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

தங்கள் சகலை

ஆகஸ்ட் 11

சகலை அவர்களுக்கு,

வணக்கம். நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. மாதக் கடைசியோடு கிளையை மூடுகிறார்கள். ஆட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, பெரிய இயந்திரத்தை உங்கள் ஊர்க் கூடத்துக்கு எடுத்துப் போகிறார்கள்.

இது வருவதற்கு முன்பே நான் என் கௌரவத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் முதலாளியைப் பார்க்க அங்கே வந்தேன். உங்களுக்குத் தெரியும், நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். ஆனாலும் எனக்கு நேர்ந்ததை நானே ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நீங்கள் கேட்ட ஒரு பக்கத்தை எழுதி எடுத்து வந்திருந்தேன். மூட்டைச் சீட்டுகளையும் பையில் கட்டி எடுத்து வந்திருந்தேன். முதலாளி நன்றாகத்தான் பேசினார். எனக்குக் கேட்காது என்பதற்காக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சிவப்பு மை எழுதிய வரி அவருக்கும் அரைகுறையாக நினைவிருந்தது. "ஆமா, ஏதோ கழிப்பாரு. அதெல்லாம் புது முறையில தானா வந்துடும்னு சொன்னாங்களே. அப்ப இந்த அறிக்கை தப்பா? உங்க சகலைதானே போட்டது, அவரையே கேட்டுடுவோம்" என்று ஆளனுப்பினார். எனக்கு அந்த நிமிஷம் போன உயிர் திரும்பி வந்தது. நம் ஆள் வருகிறான், முடிந்தது பிரச்சினை என்று நினைத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். திட்டத் தலைவரும் கூடவே வந்தார். அறிக்கை சரிதானா என்று முதலாளி கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பழசுல என்ன இருந்துச்சோ அதேதான் சார் புதுசுலயும் இருக்கு" என்றீர்கள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, முதலாளி என் காதருகில் குனிந்து அதைத் திரும்பச் சொன்னார். எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட மறுத்துப் பேசியிருப்பேன். நான் பையைத் திறக்கவே இல்லை. அத்தனை சீட்டுகளையும் அப்படியே திரும்பச் சுமந்து வந்தேன்.

எழுதாமல் விட்டது என் தவறு. மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் உங்களிடம் யாரும் எழுத்தில் கேட்கவில்லை. வாயால்தான் கேட்டார்கள். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. கொதிகலனிடம் நானே போய்ச் சொன்னேன். "உங்க சொந்தக்காரர் இருக்காருன்னு தைரியமா இருந்தோமே சார்" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முன்னாள் கிளை மேலாளர்

நவம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னை நீங்கள் மரியாதையாகக் கூப்பிட்டு எழுதியிருந்த கடிதத்தைச் சின்னவளிடம் காட்டவில்லை. அவளே தேடி எடுத்துப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். திரைச்சீலை வாங்கலாமா என்று நானே கேட்டேன். "யார்கிட்ட மறைக்கணும்?" என்றாள்.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பெரிய இயந்திரத்தை இங்கே நிறுத்திவிட்டார்கள். அதை வைத்து மற்ற ஊர்க் கிளைகளின் கறைத் துணிகளையும் இங்கேயே வாங்க ஆரம்பித்தார்கள். நீராவிச் செலவெல்லாம் இந்தக் கூடத்தின் தலையில் விழுந்தது. பில் அந்தந்தக் கிளைகளின் பெயரில் போனது. போன மாதம் இந்தத் தலைமைக் கூடத்தின் பட்டையே சிவப்பாகிவிட்டது. முதலாளி கத்திய கத்தலில் மாடியே அதிர்ந்தது. "என்னய்யா அறிக்கை இது? மத்தவன் துணிய நாம துவைக்கிறோம், அது கணக்குல வராதா?" என்றார்.

திட்டத் தலைவர் என்னிடம் ஓடி வந்தார். கோரிக்கை, கையெழுத்து, காரணம் எதையும் யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்து எடைப் பட்டியலை இணைத்தேன். அரை நாள் வேலை. சாப்பாட்டு நேரத்துக்குள் பட்டை பச்சையாகிவிட்டது. எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள்.

பிறகு நானாகவே ஒன்று செய்தேன். அதே கணக்கைப் பழைய மாதங்களுக்கும் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் கிளை எந்த மாதமும் நட்டத்தில் இல்லை. தலைமைக் கூடத்தைவிட நீங்கள்தான் நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள். அச்செடுத்து முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை நானாகத்தான் போனேன், யாரும் கூப்பிடவில்லை. அவர் ஒவ்வொரு மாதமாக விரலை வைத்துப் பார்த்தார். "பாவம், நல்ல மனுஷன்" என்றார். இங்கே கூடத்தில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, உங்களைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அதே இயந்திரம்தான், அண்ணா. இங்கே யாருக்கும் அதைச் சரியாக ஓட்டத் தெரியவில்லை.

நீங்கள் சொன்னது சரி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பொங்கி வரும் வருத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. சின்னவள் அக்காவைப் பார்க்க வர வேண்டும் என்கிறாள். நானும் கூட வரட்டுமா?

தங்கள் சகலை

டிசம்பர் 2

சகலை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பெரியவள் வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் எனக்குக் கேட்கிறது.

மேற்பார்வையாளர் வேலை எனக்கு வேண்டாம். அது கொதிகலனுக்குத் தெரிந்த இயந்திரம். என்னைவிட நன்றாகத் தெரியும். அவளைக் கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவுகிறாள். வருவாளா என்று தெரியாது. என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். உள்ளே வேலை செய்த மற்றவர்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று மாதமாக என்னிடம் ஓர் ஆறுதல் இருந்தது. உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்துப் படித்து உண்டாக்கிக்கொண்டது. அது பெரிய வேலை, கட்டுக் கட்டாகச் சீட்டுகள், சட்டம் அப்படி, ஒப்பந்தம் அப்படி, சின்ன வயசுக்காரன், அவனால் முடிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் உங்களைத் திட்டும்போதுகூட அதையே சொல்லித்தான் அவள் வாயை அடைத்தேன். "அவனால முடியலடி, முடிஞ்சா செஞ்சிருக்க மாட்டானா?" என்பேன்.

அரை நாள் வேலை என்ற இடத்துக்கு வந்ததும் பெரியவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்னவள் வரட்டும். இது அவள் அக்கா வீடு, அவள் வருவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் அவளை வாசலில் இறக்கிவிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுங்கள்.